ஈராண்டுக் கல்லூரியில் ‘பொதுப் படிப்பு’: ஒரு பட்டத்தின் வரலாறு

அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரங்களில் ஒவ்வொரு பாடத்துறைக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. அவற்றுள் 24 என்ற எண்ணுக்குரிய தலைப்பு சற்று விந்தையானது. லிபரல் ஆர்ட்ஸ், அறிவியல்கள், பொதுப் படிப்பு, மானுடப் புலங்கள் ஆகிய அனைத்தையும் அது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது. பொறியியலுக்கும் செவிலியத்துக்கும் உள்ளதுபோல் இதற்குத் தெளிவான எல்லை இல்லை. எனினும் அந்நாட்டில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஈராண்டு அசோசியேட் பட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இந்த ஒற்றைத் தலைப்பின் கீழேயே வருகின்றன. அவற்றைப் பெறுவோரில் பெரும்பாலோர் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்கள்.

தமிழ்நாட்டு வாசகர்க்குச் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற சொல் புதிதன்று. ஆனால் இங்கு அது தையல், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, மருத்துவமனை உதவியாளர் பயிற்சி போன்ற தொழிற்படிப்புகளையே நினைவுக்குக் கொண்டுவரும். அத்தகைய நிறுவனம் ஒன்றில் மெய்யியலும் வரலாறும் இலக்கியமும் மிகுதியான மாணவர்களைக் கொண்டிருக்கும் என்பது இங்கு எளிதில் நம்பக்கூடியதாக இல்லை. இப்பெயரைத் தாங்கிய அமெரிக்க நிறுவனமோ தொழிற்பயிற்சிக்காகத் தோன்றவில்லை. பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் கற்பிக்கவே அது தோன்றியது. அந்தத் தொடக்கத்தை விளங்கிக்கொள்ளாமல் அதன் பின்னாளைய சண்டைகளை விளங்கிக்கொள்ள இயலாது.

பல்கலைக்கழகத்தின் கீழ்ப்பகுதியை வெட்டி வேறிடத்தில் நட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலருக்கு இருந்தது. 1850களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி டாப்பனும், 1869இல் மின்னசோட்டாவின் வில்லியம் ஃபோல்வெல்லும் அதைப் பேசினர். இருவர் கண்முன்னும் இருந்தது ஜெர்மனி. அங்கே பொதுக்கல்வி ‘ஜிம்னாசியம்’ என்னும் பள்ளியோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வருபவர் ஆய்வுக்கென்றே வருவார். இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். அவர் தம் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்பை இரண்டாகப் பிரித்தார். 1896இல் அப்பகுதிகளுக்கு ‘ஜூனியர் கல்லூரி’, ‘சீனியர் கல்லூரி’ என்ற பெயர்கள் அமைந்தன. 1900 முதல் ஜூனியர் பகுதியை முடித்தவர்களுக்கு அசோசியேட் பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளியில், ஹார்ப்பரின் நண்பரும் பள்ளிக் கண்காணிப்பாளருமான ஜே. ஸ்டான்லி பிரவுன் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட வகுப்புகளைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர் அறுவர். இன்றும் இயங்கிவரும் பொது ஈராண்டுக் கல்லூரிகளுள் மிகப் பழையதாக ஜோலியட் ஜூனியர் கல்லூரி கருதப்படுவது இதனால்தான்.

ஹார்ப்பரின் நோக்கத்தில் இரு இழைகள் உள்ளன. வீட்டை விட்டு வெளியூர் செல்ல வசதியற்ற பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கல்வியை அவர்கள் ஊரிலேயே தருவது ஓர் இழை. ஆய்வுக்குத் தகுதியில்லாதவர் ஈராண்டோடு மரியாதையாக விடைபெற ஒரு வாயில் அமைப்பது மற்றொன்று. அசோசியேட் பட்டம் அந்த விடைபெறுதலுக்கான சான்றாகவும் அமைந்தது. ஏழை மாணவரை உள்ளே அழைக்கும் கையும், பல்கலைக்கழகத்தின் வாசலில் கூட்டத்தைக் குறைக்கும் கையும் ஒரே உடலுக்கு உரியவை. பின்வந்த நூறாண்டு விவாதம் முழுவதும் இந்த இரட்டைத் தன்மையைச் சுற்றியே சுழன்றது.

கலிஃபோர்னியாவில் 1907இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைக் கற்பிக்க அனுமதித்தது. 1910இல் ஃபிரெஸ்னோ நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1920இல் கூட்டாட்சிக் கல்வி அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸூக் செயின்ட் லூயிஸ் நகரில் இக்கல்லூரிகளின் தலைவர்களைக் கூட்டினார். அமெரிக்க ஜூனியர் கல்லூரிகள் சங்கம் அங்கிருந்து பிறந்தது. சங்கத் தலைவர்களுக்கு விரைவிலேயே ஒரு சங்கடம் தோன்றியது. பல்கலைக்கழகத்தின் நிழலாக மட்டும் இருந்தால் தமக்கெனத் தனி அடையாளம் வாய்க்காது என்று அவர்கள் கருதினர். ஆகவே 1930களில் வால்டர் கிராஸ்பி ஈல்ஸ் போன்றோர் ‘முடிவுநிலைக் கல்வி’ என்ற கொள்கையை முன்வைத்தனர். ஈராண்டில் முடிந்து நேரே வேலைக்கு அனுப்பும் படிப்பே ஜூனியர் கல்லூரியின் உண்மையான பணி என்பது அதன் சாரம்.

இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி ஒன்று உண்டு: மாணவர்கள் அதை ஏற்கவில்லை. முடிவுநிலைப் படிப்புகள் அறிவிக்கப்பட்டன, கையேடுகள் அச்சாயின, அறக்கட்டளைகளின் நிதியும் வந்தது. எனினும் வந்த மாணவரில் பெரும்பாலோர் ஆங்கிலமும் வரலாறும் கணிதமும் படித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரவே பெயர் பதிந்தனர். உண்மையில் அவ்வாறு சேர்ந்தவர் சிறுபான்மையினரே என்பதைக் காட்டி, அவர்களின் ஆசை யதார்த்தத்துக்குப் புறம்பானது என்று கல்லூரித் தலைவர்கள் வாதிட்டனர். தொழிலாளியின் மகன் தன் மகன் வழக்கறிஞராவதைக் கனவு காண்பதில் புறம்பானது எது என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை.

இக்காலத்தின் சிகாகோ நகரம் தனியே நோக்கத்தக்கது. அங்கு 1911இல் தொடங்கிய கிரேன் ஜூனியர் கல்லூரியைப் பெருமந்தக் காலத்தின் நிதி நெருக்கடியைக் காட்டி நகரக் கல்வி வாரியம் 1933இல் மூடியது. எதிர்ப்பு வலுத்தது. 1934இல் ரைட், ஹெர்ட்ஸ்ல், வில்சன் என மூன்று கல்லூரிகளாக அது மீண்டும் உயிர்பெற்றது. சிகாகோ பல்கலைக்கழகம் 1931இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் சாயல் இக்கல்லூரிகளில் படிந்திருந்தது. சமூக அறிவியல், உயிரியல், இயற்பியல் அறிவியல், மானுடப் புலம் என்று பரந்த துறைகளைத் தழுவிய பொதுப்பாடங்கள் நடத்தப்பட்டன. மந்தக் காலத்தில் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, செல்வந்தர் பல்கலைக்கழகம் தன் மாணவர்க்கு வகுத்த கல்வியை ஒத்த ஒன்று கிட்டியது.

வில்சன் ஜூனியர் கல்லூரியில் 1936இல் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் க்வென்டலின் புரூக்ஸ். சிகாகோவின் தென்பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பெண். 1950இல் கவிதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். அப்பரிசை வென்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவரே. அவர் கல்லூரியில் முறையாகப் பயின்றது அந்த ஈராண்டு மட்டும். அவர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லவில்லை. எனவே பிற்காலப் புள்ளிவிவர முறைப்படி அவர் ‘மாறுதல் பெறாதவர்’ என்ற கட்டத்துக்குள் அடங்குவார். ஒரு கவிஞரைக் கொண்டு ஒரு நிறுவனத்தை நியாயப்படுத்த முடியாதுதான். ஆயினும் மாறுதல் விகிதம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இந்தக் கட்டத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சொற்கள் மாறின. 1944இன் சட்டத்தால் போர்வீரர்கள் பெருந்திரளாகக் கல்லூரிகளுக்கு வந்தனர். 1945இல் ஹார்வர்டு வெளியிட்ட அறிக்கை ‘பொதுக்கல்வி’ என்ற கருத்துக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தது. பழைய லிபரல் ஆர்ட்ஸ் கிரேக்கமும் லத்தீனும் கற்ற கனவானுக்குரியது. பொதுக்கல்வி குடியாட்சியில் வாழும் எவருக்கும் உரியது என்ற வேறுபாடு அப்போது அழுத்தமாக வரையப்பட்டது. 1947இல் அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணையம் தன் அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. ஆணையத்தின் தலைவர் வேறு யாருமல்லர், 1920இல் செயின்ட் லூயிஸ் கூட்டத்தைக் கூட்டிய அதே ஜார்ஜ் ஸூக். மக்களில் குறைந்தது 49 விழுக்காட்டினர் பதினான்கு ஆண்டுக் கல்வியை முடிக்கும் அறிவாற்றல் உடையவர் என்று ஆணையம் கணித்தது. பதினான்காம் ஆண்டு வரை கட்டணமற்ற கல்வி வேண்டும் என்றது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரை நாடெங்கும் பரப்பியதும் இவ்வறிக்கையே. தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் ஒரே மாணவரிடம், ஒரே வளாகத்தில் இணைய வேண்டும் என்பது அதன் வற்புறுத்தல்.

பெயர் நிலைத்தது, இணைப்பு நிகழவில்லை. கல்லூரிகள் நடைமுறையில் இரு தண்டவாளங்களைப் போட்டன. ஒன்று தொழிற்படிப்பு. மற்றொன்று ‘மாறுதல் படிப்பு’. குடியுரிமைக்கான பொதுக்கல்வி என்ற மூன்றாவது கருத்து இரண்டாவதற்குள் கரைந்து, பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களின் பட்டியலாயிற்று.

1960 இவ்வரலாற்றின் மைய ஆண்டு. கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய கலிஃபோர்னியப் பெருந்திட்டம் அவ்வாண்டு சட்டமாயிற்று. உயர்நிலைப் பள்ளி முடிப்போரில் மேல்நிலையிலுள்ள 12.5 விழுக்காட்டினர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும், மேல் மூன்றிலொரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவர். எஞ்சிய அனைவருக்கும் ஜூனியர் கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும். பிந்தியவர் இரண்டாண்டு நன்கு படித்தால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் இடம் உண்டு. இத்திட்டத்தின் நீதி முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் தங்கியிருந்தது. லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு கலிஃபோர்னியச் சமூக ஒப்பந்தத்தின் பிணைப்பத்திரமாயிற்று எனலாம்.

அதே ஆண்டில் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே நகரின் ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து எழுதிய நூலும் கட்டுரையும் வெளிவந்தன. நுழைவுக்கு முந்தைய தேர்வு, ஆலோசகரின் அறிவுரை, அறிமுக வகுப்பு, தற்காலிகத் தகுதிநிலை எனப் பல படிகளின் வழியே, பல்கலைக்கழகக் கனவோடு வந்த மாணவர் ஈராண்டுத் தொழிற்படிப்பைத் தாமே தேர்ந்துகொள்ளுமாறு மெல்ல மெல்லத் தணிக்கப்படுவதை அவர் விவரித்தார். இதற்கு அவர் ‘தணித்தல்’ என்று பெயரிட்டார். அச்சொல்லின் பிறப்பிடம் குறிப்பிடத்தக்கது. ஏமாற்றுக்காரர்கள் பணத்தைப் பறித்தபின், ஏமாந்தவன் கூச்சலிடாதவாறு ஆறுதல் கூறி அனுப்பும் உத்தியைப் பற்றி எர்விங் காஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளார்க் அதை எடுத்தார். அவர் கண்டனமாக அதை எழுதவில்லை. எல்லோரையும் ஆசைப்படச் சொல்லிவிட்டுச் சிலருக்கே இடம் வைத்திருக்கும் சமூகத்துக்கு இப்படியொரு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதே அவர் விளக்கம். கண்டனம் பின்னர் வந்தது. 1972இல் ஜெரோம் கேரபெல், உயர்கல்விக்குள்ளேயே வர்க்கப் பிரிவினை நிகழ்வதன் தடமாக இக்கல்லூரிகளைக் காட்டினார். ஸ்டீவன் பிரின்டும் அவரும் இணைந்து 1989இல் வெளியிட்ட நூல், மாணவர் விரும்பாத நிலையிலும் கல்லூரித் தலைவர்கள் பல பத்தாண்டுகளாகத் தொழிற்படிப்பைத் திணித்த வரலாற்றை விரித்துரைத்தது.

இந்த விமர்சனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அறுபதுகளில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுக்குள் வந்தவர்கள் தாம் கண்ட பாடத்திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சிகாகோவில் கிரேன் கல்லூரி மால்கம் எக்ஸ் கல்லூரியாகப் பெயர் மாறியது. நியூயார்க்கின் தென் பிராங்ஸில் போர்ட்டோ ரிக்கோ சமூகத்தின் கோரிக்கையால் இருமொழிக் கல்வியோடு ஹோஸ்டோஸ் கல்லூரி எழுந்தது. அரிசோனாவில் நவஹோ மக்கள் 1968இல் தமக்கெனச் சமுதாயக் கல்லூரி ஒன்றை நிறுவினர். பழங்குடியினரே நிர்வகிக்கும் முதல் கல்லூரி அது. இன்று டினே கல்லூரி எனப்படுகிறது. அங்கே நவஹோ மொழியும் வரலாறும் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டன. லிபரல் ஆர்ட்ஸ் என்றால் யாருடைய கலைகள் என்ற கேள்வி, புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் கருத்தரங்குகளில் ஒலித்த அதே காலத்தில் இக்கல்லூரிகளிலும் எழுந்து, பாடத்திட்டமாகவே விடை பெற்றது. இவ்வத்தியாயத்தைக் கேரபெல் மரபினர் போதிய அளவு எழுதவில்லை.

எழுபதுகளில் நிலைமை திரும்பியது. ஆர்தர் கோஹனும் ஃபுளோரன்ஸ் பிராவரும் நாடளாவிய பாடப்பட்டியல்களை ஆராய்ந்து ஒரு செய்தியைக் கண்டனர். லிபரல் ஆர்ட்ஸ் அழியவில்லை. ஆனால் அறிமுகப் பாடங்களாகச் சுருங்கிவிட்டது. முதலாண்டு வரலாறு நிறைந்த வகுப்பாக நடக்கும். அதன் மேல்நிலைப் பாடமோ போதிய மாணவர் இன்றிக் கைவிடப்படும். மாணவர் தொடர்ச்சியாகப் பயிலாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாடங்களை எடுத்தனர். வேலை, குழந்தை, பேருந்து நேரம் ஆகியவையே அவர்களின் பாடத்திட்டத்தை வகுத்தன. கற்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டவர் பகுதிநேர ஆசிரியர்களாயினர். கலிஃபோர்னியாவில் 1978இன் சொத்துவரி வரம்பு கல்லூரிகளின் உள்ளூர் வருவாயைக் குறைத்தது. 1984இல் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் முதன்முறையாகக் கட்டணம் புகுந்தது.

இச்சூழலில்தான் ‘பொதுப் படிப்பு’ என்ற சொல் தன் இன்றைய பொருளை அடைந்தது. ட்ரூமன் ஆணையத்தின் பொதுக்கல்விக்கும் இதற்கும் பெயரொற்றுமைக்கு மேல் உறவு குறைவு. பல கல்லூரிகளில் பொதுப் படிப்புப் பட்டம் என்பது, எந்தத் துறையிலும் அடங்காத 60 கிரெடிட்டுகளைத் திரட்டியவருக்கு அவற்றை ஒரு பட்டமாக மாற்றித் தரும் ஏற்பாடு. லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் பல்கலைக்கழக மாறுதலைக் குறிவைத்தது. பொதுப் படிப்புப் பட்டத்துக்கு அத்தகைய உறுதி பெரும்பாலும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன எண் 24 இவ்விரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. ஆதலால் லிபரல் ஆர்ட்ஸ் செழிக்கிறது என்பார்க்கும், திசையற்ற மாணவர் பெருகிவிட்டனர் என்பார்க்கும் அதே எண்ணிக்கை சான்றாகிறது.

திரட்டிய கிரெடிட்டுகளுக்கு என்ன நேர்கிறது என்பதே மாணவரைச் சுடும் கேள்வி. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் தாம் ஈட்டிய கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. எல்லா வகை மாறுதல்களையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. ஒரு கல்லூரியின் சமூகவியல் அறிமுகம் மற்றொன்றில் ‘விருப்பப் பாடம்’ என்று மட்டும் ஏற்கப்படும். முதன்மைப் பாடத்துக்கு உதவாது. மாணவர் அதையே மீண்டும் படிப்பார், மீண்டும் பணம் கட்டுவார். 1960இன் பிணைப்பத்திரம் செல்லாத இடம் இதுவே. கலிஃபோர்னியா 2010இல் ஒரு சட்டம் இயற்றி, குறிப்பிட்ட வகை அசோசியேட் பட்டம் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடத்தை உறுதி செய்தது. பெருந்திட்டம் வாக்களித்து ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தியா இவ்வரலாற்றைப் பகுதி பகுதியாகவே எடுத்துக்கொண்டது. ஈராண்டு இடைநிலை என்ற எண்ணம் இங்குத் தனியாகவே எழுந்தது. 1917–19இன் சாட்லர் ஆணையம் இன்டர்மீடியட் வகுப்புகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. அது ஹார்ப்பரின் வெட்டுதான். ஆனால் வெட்டிய பகுதி இங்குக் காலப்போக்கில் பள்ளியோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு 1978இல் மேல்நிலைப் பள்ளியாயிற்று. மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புகள் இன்றும் ஜூனியர் காலேஜ் என்றே வழங்குகின்றன. பொதுக்கல்விக் கருத்து 1948–49இன் இராதாகிருஷ்ணன் ஆணையத்தின் வழியே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும், அமெரிக்கர்களான ஆர்தர் மார்கனும் ஜான் டைகர்ட்டும் அதில் உறுப்பினர். டைகர்ட் அமெரிக்காவின் கல்வி ஆணையராக இருந்தவர். ஸூக் பின்னர் வகித்ததும் அதே பதவி. பெயரோ இன்னும் தாமதித்து, 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் தொடங்கிய கல்லூரியின் வழியாகவும் வந்தது. சென்னையில் தொடங்கி இயக்கமாகப் பரவியது பள்ளியை இடையில் விட்டவர்க்கும் வேலையற்றோர்க்கும் வாழ்வுத்திறனும் தொழில்திறனும் தரும் கல்லூரியே. அதன் பயன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் அதில் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குச் செல்லும் படிக்கட்டு அமையவில்லை.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை மற்றொரு பகுதியைக் கொண்டுவந்துள்ளது. ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என வெளியேறும் வாயில்களும், ஈட்டியதைச் சேமிக்கும் கிரெடிட் வங்கியும் அதில் உள்ளன. ஈராண்டில் வெளியேறும் கலைத்துறை மாணவரின் பட்டயம் அசோசியேட் பட்டத்தின் நெருங்கிய உறவு. ஏற்கெனவே இந்திய மாணவர் கையில் உள்ள ‘டி.சி.’ என்ற மாற்றுச் சான்றிதழ் ஆளை மட்டுமே மாற்றும், அவர் படித்ததை மாற்றாது; கிரெடிட் வங்கி படித்ததையும் மாற்றுவதாகச் சொல்கிறது. 2021இன் விதிமுறைகளின்படி, மாணவர் தம் கிரெடிட்டுகளில் குறைந்தது பாதியைத் தாம் பதிவு செய்துள்ள நிறுவனத்திலேயே ஈட்ட வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் ஈராண்டு என்பது சரியாகப் பாதி. ஜோலியட்டின் கணக்கும் அதுவே. மூன்றாண்டுப் பட்டத்தில் ஈராண்டு என்பது மூன்றில் இரு பங்கு. ஓர் ஊரில் இரண்டாண்டு படித்துப் பட்டயத்தோடு நின்று, வேறோர் ஊரின் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு வந்து நிற்கும் மாணவியிடம், அந்த மிகுதியை மீண்டும் படிக்கச் சொல்லும் உரிமை அப்பல்கலைக்கழகத்துக்கு இவ்விதியாலேயே கிடைத்துவிடுகிறது.